காந்த ஆராய்ச்சி வல்லுநர் ஸர் கே. எஸ். கிருஷ்ணன்

நம் சங்கத்து வெளியீட்டில் நம் மரபிற் பிறந்த பெரியோர் வரலாறுகளையே இதுகாறும் பெரும்பான்மையும் எழுதி வந்தோம். இம்மாதம் அவ்வழக்கத்தினின்றும் சிறிது விலகுகின்றோம். ஸர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாஸ கிருஷ்ணன் நம் குலத்தவர் அல்லர். ஆயினும் தமிழ் நிலத்தில் ஒரு சிற்றூரிற் பிறந்து, தமிழ் இலக்கியத்திற் பற்றுடையவராய் வாழ்ந்து, உலகப் பேரறிஞர் வரிசையில் இடம்பெற்ற ஒருவரைத் தம்மவர் என்று கொண்டாடத் தமிழர் யாவர்க்கும் உரிமையுண்டு.

அவர் வரலாற்றை எழுதப் புகுந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. கிருஷ்ணன் என்னும் பெயரைச் சொன்னவுடன் நம் பள்ளிச் சிறுவர்கள், ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது ராமனுக்கு உடனிருந்து துணைசெய்தவர் என்று ஒரே வரியில் விடை கூறி முடித்துவிடுகின்றனர். அவ்வரி பொய்யன்று. ஆனால் அவர் வாழ்நாளிற் சில திங்கள்களில் நிகழ்ந்த செயலை மட்டுமே அது கூறும். அவர் தாமே தலைநின்று நடத்தி, தம் பெயராலேயே நிலைநாட்டிய ஆராய்ச்சி வேறொன்று. ஒரு சிறு படிகத்தை மிக மெல்லிய இழையிற் கட்டிக் காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டு, அது எவ்வளவு திரும்புகின்றது என்று அளந்து, அவ்வளவினின்றும் அப்படிகத்தின் உள்ளமைப்பை அறிந்துரைத்த ஆராய்ச்சி அது. அதனை நம் அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் அறிதல் வேண்டும் என்பதே எம் விருப்பம்.

1898-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ஆம் தேதி வத்திராயிருப்பு என்னும் ஊரிற் கிருஷ்ணன் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அணித்தாக, வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ அமைந்தது அவ்வூர். இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தந்தையார் வேளாண்மையை விடாது நடத்திக்கொண்டே வடமொழியிலும் தமிழிலும் ஆழ்ந்த புலமை பெற்றிருந்தவர். மகனுக்கு அவ்விரு மொழி இலக்கியங்களிலும் இறுதிவரை நீங்காதிருந்த ஈடுபாடு அவர்பால் வந்ததேயாம். விஞ்ஞானம் பயிலப் போகும் பிள்ளைக்கு இலக்கியம் எதற்கு என்று வினவும் பெற்றோர் இந்நாளிற் பலர். தமிழ் வகுப்பு நடக்கும்போது மேசைக்கடியிற் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் மாணாக்கரை நாள்தோறும் காண்பவராதலின், யாம் இச்செய்தியைச் சிறிது அழுத்திச் சொல்லுவதை அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

தம் ஊரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் அவர் பயின்றார். பட்டம் பெற்றபின் கிறிஸ்தவக் கல்லூரியிலேயே ரசாயனப் பிரிவிற் செய்முறை காட்டும் ஆசிரியராக அமர்ந்தார். அங்கே அவர் செய்த ஒரு காரியம் எம் போன்ற ஆசிரியர் மனத்தைக் கவர்வது. நண்பகல் உணவு வேளையில், மாணாக்கர் எவரும் வந்து பௌதிகம், ரசாயனம், கணிதம் ஆகியவற்றுள் எதைப் பற்றியும் எவ்வினாவும் விடுக்கலாம் என்று ஏற்படுத்தி, ஒவ்வொன்றையும் விளக்கி விடை கூறிவந்தார். இதனை அவர்க்கு எவரும் கடமையாக விதிக்கவில்லை. இதற்கெனத் தனி ஊதியமும் இல்லை. நாளடைவில் அக்கூட்டத்தின் புகழ் பரவிப் பிற கல்லூரி மாணாக்கரும் வந்து கேட்கலாயினர். இருபது வயதை ஒட்டிய இளைஞர் ஒருவருக்குத் தம் கல்வியின்மேல் எத்துணைத் தெளிவு இருந்திருத்தல் வேண்டும்!

1920-இல் அவ்வேலையை விடுத்துக் கிருஷ்ணன் கல்கத்தா சென்றார். அக்காலத்திற் சந்திரசேகர வேங்கட ராமன் கல்கத்தா சர்வகலாசாலையிற் பௌதிகப் பேராசிரியராக இருந்தார். பௌபஜார் வீதியிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கமே அவருடைய ஆராய்ச்சிக் களம். அச்சங்கத்தை 1876-இல் நிறுவியவர் டாக்டர் மஹேந்திரலால் ஸர்க்கார் என்னும் மருத்துவர். செல்வந்தரிடத்தும் பொதுமக்களிடத்தும் பொருள் திரட்டி அமைத்த அறச்சாலை போன்றது அது. அங்கே 1923 முதல் ராமனுடைய ஆராய்ச்சிக் குழாத்தில் ஒருவராகக் கிருஷ்ணன் அமர்ந்தார்.

அவர் முதலில் எடுத்துக்கொண்ட பொருள், திரவங்களின் ஊடே செல்லும் ஒளி எவ்வாறு சிதறுகின்றது என்பது. மிகத் தூய்மையாக வடித்தெடுத்த 65 திரவங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1925-இல் அதன் பயனை வெளியிட்டார். ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டுப் பொதுவிதி கூறி அமைவார் பலர். அறுபத்தைந்தையும் பார்த்துவிட்டே பேசுபவர் சிலர். கிருஷ்ணன் பிந்திய வகையினர் என்பது அப்போதே தெரிந்தது. 1928 பிப்ரவரி மாதத்தில் ராமன் அவரை மீண்டும் ஒளிச்சிதறல் பற்றிய நேர்ச் சோதனையில் ஈடுபடுத்தினார். அம்மாதம் 28-ஆம் தேதி, சிதறிய ஒளியில் முன்பில்லாத நிறக்கூறு தோன்றுதல் ஐயமற உறுதிப்பட்டது. மார்ச் மாத இறுதியில் லண்டன் நேச்சர் பத்திரிகையில் ராமன், கிருஷ்ணன் என்னும் இருவர் பெயராலும் அச்செய்தி வெளிவந்தது. 1930-இல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே வழங்கப்பெற்றது.

இதனை இன்றளவும் ஒரு வழக்காகக் கொண்டு, இவர்க்கு இத்துணைப் பங்கு, அவர்க்கு அத்துணைப் பங்கு என்று வாதிடுவார் உளர். யாம் அவ்வழக்கிற் புகவில்லை. எம் கருத்தை ஈர்ப்பது வேறு. அப்பரிசு அறிவிக்கப்பெற்ற காலத்திற் கிருஷ்ணன் என்ன செய்துகொண்டிருந்தார்? கல்கத்தாவை விட்டு நீங்கி, டாக்கா நகரில், பிறர் அதிகம் கருத்துச் செலுத்தாத ஒரு துறையிற் படிகங்களைத் தொங்கவிட்டு அளந்துகொண்டிருந்தார்.

டாக்கா சர்வகலாசாலையிற் பௌதிகத்துறை ரீடர் பதவியை அவர் ஏற்றது 1928 டிசம்பரில். அந்நகர் இன்று வங்காள தேசத்தின் தலைநகர். அத்துறைக்குத் தலைவராயிருந்தவர் சத்யேந்திரநாத் போஸ். ஐன்ஸ்டைனோடு சேர்த்து உலகம் பெயர் சொல்லும் அதே போஸ். ஒளியை ஆராய்ந்தவர் காந்தத்திற்கு வந்தது எப்படி எனின், அதற்கும் ஒளியே வழிகாட்டியது. பென்ஸீன் முதலிய திரவங்களை வலிய காந்தத்திற்கு நடுவே வைத்து ஒளியைச் செலுத்தினால், அவ்வொளி இரு வேறு வேகத்திற் செல்லும் இரு கூறுகளாகப் பிரிகின்றது. இதன் காரணத்தை ராமனும் கிருஷ்ணனும் 1927-இல் ஆராய்ந்தனர். அத்திரவங்களின் மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் ஒரே தன்மையுடையன அல்ல. ஒரு திசையிற் காந்தத்திற்கு ஒருவகையாகவும் மற்றொரு திசையில் வேறுவகையாகவும் நடக்கின்றன. அதனால் அவை காந்தத்தினிடையே சிறிது வரிசைப்பட்டு நிற்கின்றன என்று அவர்கள் கண்டனர். திரவத்திலோ மூலக்கூறுகள் ஓயாது புரண்டுகொண்டிருக்கும். அவை அசையாது அடுக்கி நிற்கும் படிகத்தில் இத்திசை வேற்றுமையை நேரே அளக்கலாகாதா? டாக்காவில் அவர் எடுத்துக்கொண்ட வினா இதுவே.

இவ்வினாவின் அருமையை உணர்தற்குக் காந்தம் பற்றிய பழைய செய்தி ஒன்றிரண்டு வேண்டும். இரும்பும் அதன் இனமுமே காந்தத்திற்குக் கட்டுப்படும் என்று உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. 1845-இல் மைக்கேல் பாரடே அவ்வெண்ணத்தை மாற்றினார். கண்ணாடி, பிஸ்மத், நீர், மரம், இறைச்சி என எப்பொருளும் காந்தத்திற்கு ஏதோ ஒரு வகையிற் செவி சாய்க்கின்றது என்று காட்டினார். அவற்றுட் சில மெலிதாக இழுக்கப்படும். அவை பாரா காந்தப் பொருள்கள். பல மெலிதாக விலக்கப்படும். அவை டயா காந்தப் பொருள்கள். மெலிது என்பது எத்துணை மெலிது? நீர் முதலியவற்றின் காந்தச் செயல் இரும்பினதில் கோடியில் ஒரு பங்கும் தேறாது. பின்னர்ப் படிகங்கள் காந்தத்தின் இடையே ஒரு குறித்த திசை நோக்கித் திரும்பி நிற்பதை ஜெர்மனியிற் ப்ளூக்கரும் இங்கிலாந்தில் பாரடேயும் கண்டனர். கண்டார்களே ஒழிய, அதனை எண்ணிட்டுச் செம்மையாக அளக்கும் வழி எளிதிற் கிட்டவில்லை.

ஒரு பொருளின் காந்த ஏற்புத்திறனை அளக்க வழிகள் இல்லாமற் போகவில்லை. 1889-இல் கூய் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஒருவழி கண்டார். பொருளைப் பொடியாக்கி நீண்ட குழாயில் நிரப்பி, அதன் ஒரு நுனி காந்தத்தின் நடுவே நிற்கத் தராசில் தொங்கவிட்டு, காந்தம் இயங்கும்போதும் இயங்காதபோதும் எடையை ஒப்பிடுவது அது. பியேர் க்யூரி, திசைக்குத் திசை வலிமை மாறும் காந்தப் புலத்திற் சிறு பொருளை வைத்து, அது இழுக்கப்படும் விசையை முறுக்குத் தராசில் அளந்து, 1895-இல் புகழ்பெற்ற ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். இவையெல்லாம் சிறந்த முறைகளே. ஆனால் பொடியாக்கிய அளவிலே படிகத்தின் திசை அழிந்துவிடுகின்றது. நெற்கதிரை உமியும் தவிடுமாகக் குத்திவிட்டபின் அது எப்பக்கம் சாய்ந்து நின்றது என்று எவர் சொல்ல வல்லார்? படிகத்தை முழுதாகவே வைத்து ஒவ்வொரு திசையிலும் தனித்தனியே அளந்து கழித்துப் பார்க்கலாமெனின், ஏறக்குறையச் சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது அளவிற் புகுந்த சிறுபிழை விடையையே விழுங்கிவிடும். அன்றியும் செம்மையாக வளர்ந்த பெரிய படிகங்கள் கிடைத்தல் அரிது. கிடைப்பன பெரும்பாலும் சில மில்லிகிராம் எடையே உள்ள துணுக்குகள்.

கிருஷ்ணன் கைக்கொண்ட வழியின் சிறப்பு இங்கேதான் விளங்கும். இரண்டு மூட்டை அரிசியின் எடை வேற்றுமையை அறிய வேண்டுமானால் ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்துக் கழிக்க வேண்டுவதில்லை; தராசின் இரு தட்டிலும் ஒருங்கே வைத்தால் வேற்றுமை மட்டும் தானே தோன்றும். அதுபோல, எங்கும் ஒரே சீராயுள்ள காந்தப் புலத்திற் படிகத்தைத் தொங்கவிட்டால், அது எப்பக்கமும் இழுபடுவதில்லை. திரும்புதல் ஒன்றையே செய்யும். அத்திருப்பும் விசை இரு திசைகளின் ஏற்புத்திறனுக்கு இடையேயுள்ள வேற்றுமையால் மட்டும் எழுவது. எனவே திருப்பத்தை அளந்தால் வேற்றுமையை நேரே அளந்ததாகும். படிகம் சிறிதாயினும், அதன் வடிவம் கோணலாயினும் குற்றமில்லை. எடையும் எத்திசை நோக்கிக் கட்டப்பட்டதென்பதும் தெரிந்தாற் போதும்.

இனி அக்கருவியைப் பார்ப்போம். மேலே பாகை குறித்த வட்டத்தின் நடுவில் திருகக்கூடிய ஒரு குமிழ். அதினின்றும் கீழே தொங்குவது குவார்ட்ஸ் என்னும் பளிங்குக்கல்லை உருக்கி நீட்டிய இழை. அவ்விழையின் கதையே ஒரு தனிக்கதை. பட்டு நூல் முறுக்கினால் முழுதும் பழைய நிலைக்கு மீளாது. உலோகக் கம்பியும் அத்தன்மையதே. 1887-இல் பாய்ஸ் என்னும் ஆங்கில அறிஞர், உருகிய குவார்ட்ஸை ஓர் அம்பின் அடியில் ஒட்டி, அவ்வம்பை வில்லில் வைத்து எய்தார். அம்பு பறந்த வழியே கண்ணுக்கும் புலனாகாத மெல்லிழை நீண்டு கிடந்தது. அதனை எத்துணை முறுக்கினாலும் விட்டவுடன் முன்னிருந்த நிலைக்கே வந்து நிற்கும். அத்தகைய இழையின் கீழ்நுனியிற் சிறு படிகத்தை ஒட்டி, மின்காந்தத்தின் இரு முனைகளின் இடையே நிற்குமாறு அமைத்து, காற்று அசைக்காதவாறு மூடிவைப்பர். இரும்புத் துகள் அணுவளவு படிந்திருந்தாலும் அளவு முழுவதும் கெட்டுப்போம். ஆகலின் தூய்மை இங்கே பாதி வேலை.

அளக்கும் முறை இரண்டு. முதலாவது, படிகத்தை மெல்ல ஆடவிட்டு அலைவின் காலத்தைக் கணித்தல். காந்தம் இல்லாதபோது இழையின் முறுக்கு ஒன்றே அதனை மீட்டுக் கொணரும். காந்தம் இயங்கும்போது அதன் பிடியும் சேர்ந்துகொள்வதால் அலைவு விரைவுபடும். இரண்டு காலங்களையும், இழையின் விறைப்பையும், புலத்தின் வலிமையையும் கொண்டு வேற்றுமை கணக்கிடப்பெறும். பி. ஸி. குஹா, எஸ். பானர்ஜி என்போருடன் கிருஷ்ணன் இவ்வாறு டயா காந்தப் படிகங்கள் பலவற்றை அளந்து, 1933-இல் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டிற் பதிப்பித்தார். இவ்வரிசையிற் பல பகுதிகள் பின்னும் தொடர்ந்து வெளிவந்தன.

இரண்டாவது முறை அவரும் பானர்ஜியும் 1935-இல் வெளியிட்டது. எமக்கு மிகவும் இனியதாகத் தோன்றுவது இதுவே. படிகம் தனக்கு இயல்பான திசையில் நிற்கும்போது இழையில் முறுக்கு இல்லாதவாறு முதலில் அமைத்துக்கொள்வர். பின்னர் மேலுள்ள குமிழைச் சிறிது சிறிதாகத் திருகுவர். இழை முறுக்கேறும், காந்தமோ படிகத்தை விடாது பற்றிக்கொண்டிருக்கும். குமிழ் பல சுற்றுச் சுற்றினும் படிகம் மனமில்லாதது போல் மெல்ல மெல்லவே நகரும். அது தன் இயல்பான நிலையினின்றும் 45 பாகை விலகும்வரை காந்தத்தின் பிடி வளர்ந்துகொண்டே போகும். அவ்வெல்லையில் அது உச்சத்தை அடைகின்றது. அதற்குமேல் இம்மியளவு திருகினாலும் பிடி தளர, இழையின் முறுக்கு வெல்ல, படிகம் சட்டென்று புரண்டு சுழலும். அக்கணத்திற் குமிழ் எத்துணைப் பாகை சுற்றியிருந்தது என்று குறித்துக்கொண்டாற் போதும். காலத்தை எண்ண வேண்டா. நுண்ணிய அசைவை உற்றுநோக்க வேண்டா. படிகம் புரளும் அந்நொடியே விடையைச் சொல்லிவிடும்.

இவ்வளவு முயன்று பெற்ற எண்ணால் யாது பயன் என்று கேட்பார்க்கு, நம் வீடுகளில் துணிப்பெட்டியில் இடும் பாச்சை உருண்டையைக் காட்டி விடை கூறலாம். அது நாப்தலீன் என்னும் பொருள். அதன் மூலக்கூறு, பென்ஸீன் வளையம் இரண்டு ஒட்டியது போன்ற தட்டையான வில்லை. அத்தட்டைக்குக் குறுக்காகக் காந்தப் புலம் பாயும்போது, வளையத்தைச் சுற்றித் திரியும் எலெக்ட்ரான்கள் அதனை மிகுதியாக எதிர்க்கும். தட்டையின் வழியே பாயும்போது அத்துணை எதிர்ப்பு இல்லை. வெற்றிலைக் கவுளியில் இலைகள் யாவும் ஒன்றன்மேலொன்று படிந்து கிடந்தால் கவுளி முழுவதும் ஓர் இலையின் தன்மையையே காட்டும். இலைகள் இருவேறு பக்கம் சாய்ந்து அடுக்கப்பட்டிருந்தால் அத்தன்மை அச்சாய்வுக்கேற்பக் குறையும். ஆகவே படிகத்தின் காந்த வேற்றுமையையும் மூலக்கூறின் காந்த வேற்றுமையையும் ஒப்பிட்டால், உள்ளே மூலக்கூறுகள் எச்சாய்வில் அடுக்கப்பட்டுள்ளன என்பது தெரிந்துவிடும். எக்ஸ் கதிர் கொண்டு இதனை முடிவுசெய்ய அக்காலத்தில் நெடுங்கணக்குப் போடவேண்டியிருந்தது. காந்த அளவோ, எப்பக்கம் தேடுவது என்று முன்கூட்டியே வழிகாட்டியது.

பென்ஸீன் வளையம் தட்டையானது என்பதை 1929-இல் எக்ஸ் கதிரால் நிறுவியவர் காத்லீன் லான்ஸ்டேல் என்னும் ஆங்கில அம்மையார். அவ்வம்மையாரும் கிருஷ்ணனும் கூடிப் படிகத்தின் காந்த அளவுக்கும் மூலக்கூறின் காந்த அளவுக்கும் உள்ள தொடர்பைக் கணித வாய்பாடாக்கி 1936-இல் வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் லைனஸ் பாலிங், வளையத்தைச் சுற்றி எலெக்ட்ரான்கள் ஓடுவதாகக் கொண்டு இக்காந்த வேற்றுமைக்குக் காரணம் கூறினார்.

பாரா காந்தப் பொருள்களையும் கிருஷ்ணன் விடவில்லை. மயில்துத்தத்தை நாம் அறிவோம். செம்பும் கந்தக அமிலமும் நீரும் சேர்ந்த நீலப் படிகம் அது. அதனுள்ளே ஒவ்வொரு செம்பு அயனியையும் நான்கு நீர் மூலக்கூறுகள் ஒரு சதுரமாகச் சூழ, மேலும் கீழும் சல்பேட்டின் ஆக்ஸிஜன்கள் நிற்கின்றன. சூழ நிற்பவற்றின் மின்புலம் செம்பின் காந்தத்தை ஒரு திசைக்குக் கட்டுப்படுத்துகின்றது. முகர்ஜி என்னும் மாணாக்கருடன் கிருஷ்ணன் எடுத்த அளவுகளில் இவ்வமைப்பு தெளிவாக வெளிப்பட்டது. ஓர் அணு தன் அண்டை அயலாருக்கு எவ்வளவு கட்டுப்பட்டிருக்கின்றது என்பதைத் தொங்கும் படிகத்தின் திருப்பத்தால் அறிதல் வியப்பன்றோ! படிகங்களை மிகக் குளிர்ந்த நிலையிலும் வைத்து இவ்வளவுகளை எடுத்து 1939-இல் வெளியிட்டனர்.

இதற்குள் அவர் மீண்டும் கல்கத்தா வந்துவிட்டார். 1933-இல், முன்பு ராமன் ஆராய்ந்த அதே சங்கத்தில் மஹேந்திரலால் ஸர்க்கார் பேராசிரியர் என்னும் பதவி அவரைத் தேடிவந்தது. 1937-இல் கேம்பிரிட்ஜில் ரதர்போர்டும் லண்டனில் பிராகும் அழைக்க ஐரோப்பா சென்று விரிவுரை ஆற்றினார். 1940-இல் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார். கல்கத்தாவில் அவர் இறுதியாகச் செய்த காந்த ஆராய்ச்சிகளுள் ஒன்று கிராபைட்டைப் பற்றியது. பென்சிலுள் இருக்கும் கரியே அது. கங்குலி என்பாருடன் 1941-இல் வெளியிட்ட அவ்வாராய்ச்சியில், கிராபைட்டின் ஏடுகளுக்குக் குறுக்காக உள்ள காந்த எதிர்ப்பு, ஏடுகளின் வழியே உள்ளதைப் போல ஏறக்குறைய நாற்பது மடங்கு என்பது காட்டப்பெற்றது. ஏட்டின் பரப்பிலே தடையின்றித் திரியும் எலெக்ட்ரான்களே இதற்குக் காரணம் என்றார். கிராபைட்டினின்றும் ஒற்றை ஏட்டைப் பிரித்தெடுத்து, கிராபீன் என்னும் பெயரால் இந்நூற்றாண்டில் உலகம் கொண்டாடுவதை அறிந்தவர்கள், அவ்வேட்டின் எலெக்ட்ரான்களைப் பற்றிய இப்பழைய ஆராய்ச்சியின் மதிப்பை உணர்வார்கள்.

பிந்திய வாழ்வை விரைந்து கூறுவோம். 1942-இல் அலஹாபாத் சர்வகலாசாலையிற் பௌதிகப் பேராசிரியரானார். 1946-இல் ஸர் பட்டம் பெற்றார். விடுதலை பெற்ற ஆண்டாகிய 1947-இல், புதிதாக அமைந்த தேசீய பௌதிக ஆராய்ச்சிச் சாலைக்கு முதல் தலைவராகத் தில்லி சென்றார். நாட்டின் நீளத்துக்கும் எடைக்கும் காலத்துக்கும் மூலப் படிகளைக் காக்கும் நிலையம் அது. வாழ்நாள் முழுதும் அளவையே தொழிலாகக் கொண்ட ஒருவர் அதற்குத் தலைமை பூண்டது பொருத்தமே. அணுசக்திக் கமிஷனில் 1948 முதல் உறுப்பினர். 1954-இல் பத்மபூஷண். சாந்தி ஸ்வரூப் பட்னாகர் பரிசு 1958-இல் முதன்முதலாக வழங்கப்பெற்றபோது அதனைப் பெற்றவரும் அவரே. பதவிகள் மிகுந்த இக்காலத்திலும், சூடேறிய பொருள்களினின்றும் எலெக்ட்ரான் வெளிப்படுதல் முதலியவற்றை அவர் ஆராய்ந்துகொண்டே இருந்தார். எனினும் எம் கருத்தில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் கழிந்த அப்பதின்மூன்று ஆண்டுகளே அவர் வாழ்வின் பொற்காலம்.

சிறு பொருள்களின் காந்தத்தை அளக்கும் கருவிகள் அவர் காலத்துக்குப் பின் பெரிதும் வளர்ந்துவிட்டன. 1950-களில் அமெரிக்கரான போனர், பொருளைக் காந்தப் புலத்தினிடையே விரைவாக அதிரச் செய்து, அருகிலுள்ள கம்பிச் சுருளில் எழும் மின்னழுத்தத்தால் அதன் காந்தத்தை அறியும் கருவியை அமைத்தார். பின்னர், திரவ ஹீலியத்தின் கடுங்குளிரில் தடையற்று மின்சாரம் ஓடும் வளையத்தைக் கொண்ட ஸ்க்விட் கருவி வந்தது. அதன் நுட்பத்துக்கு ஈடில்லை. எனினும் படிகத்தின் திசை வேற்றுமையை நேரே அறியவேண்டியபோது, இன்றும் ஆராய்ச்சியாளர் திருப்பத்தையே அளக்கின்றனர். குவார்ட்ஸ் இழை இருந்த இடத்தில் மயிரிழை போன்ற சிலிக்கான் தகட்டின் நுனியிற் படிகத் துணுக்கை ஒட்டி, காந்தப் புலத்தில் அத்தகடு வளையும் அளவைக் காண்கின்றனர். கருவி மாறிற்று, கருத்து அதுவே.

1961 ஜூன் மாதத்தில், தம் அறுபத்திரண்டாம் வயதிற் கிருஷ்ணன் தில்லியிற் காலமானார். ராயல் சொஸைட்டியின் நினைவு வெளியீட்டுக்காக அவர் வரலாற்றை எழுதியவர்கள், அவரோடு கூடிக் காந்த வாய்பாடு கண்ட லான்ஸ்டேல் அம்மையாரும் ஹோமி பாபாவும் ஆவர். அது 1967-இல் அச்சேறி வந்தபோது பாபாவும் உயிருடன் இல்லை. தில்லியில் பௌதிக ஆராய்ச்சிச் சாலை அமைந்துள்ள வீதிக்கு டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் மார்க்கம் என்று பெயர். உத்தியோகத்தின் பொருட்டோ யாத்திரையின் பொருட்டோ அந்நகர்க்குச் செல்லும் நம் அன்பர்கள், பிள்ளைகளை உடனழைத்துச் சென்று அவ்வீதியின் பெயர்ப்பலகையைக் காட்டி, அப்பெயருடையவர் வத்திராயிருப்புக்காரர் என்று சொல்லி வருவார்களாக.